பூட்டுக் கோப்பு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். எங்கள் மில் கேன்டீனில் இந்தப் பக்குவம் வராது.

என் பெயர் சீனிவாசலு. பெருந்துறைப் பக்கத்து நூல் மில்லில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. பஞ்சுத் தூசியை உறிஞ்சும் பெரிய விசிறிகளை ஓட்டுவது அங்கிருக்கும் புரோகிராம்தான். அதை நிறுத்தினால் மில்லே நின்றுவிடும். அதனால் விற்ற கம்பெனிக்காரர்கள் யாரும் தொட முடியாதபடி அதைத் தனியே அடைத்து வைத்துவிட்டு, எங்களுக்கு ஒரு மெனுவை மட்டும் விட்டுப் போனார்கள்.

மேஸ்திரி அழகிரிசாமி விசிறிக் குழாய்க்குள் இறங்கித் தூசி அள்ளுவார். முன்பெல்லாம் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை விட்டுவிட்டார். அப்படிச் செய்தால் என்னை நம்பாததுபோல் ஆகிவிடுமாம். போனில் ஒரு வார்த்தை சொல்வார், நான் மெனுவில் ஒரு சாவியைத் தட்டுவேன், புரோகிராமுக்குள் ஒரு வெற்றுக் கோப்பு உருவாகும். அதுதான் பூட்டு. அது இருக்கும்வரை அந்த விசிறி சுற்றாது. பூட்டை நீக்கும் பொத்தான் குழாய் வாசலில் இருந்தது. மெனுவில் நீக்க வழி கிடையாது.

அவர் மகள் ஹாரிகாவைப் பெண் கேட்டுப் போனேன். "ஏனுங்க தம்பி, தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்குப் புடிக்கலைங்க" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் வணக்கமும் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானம் போன் வந்தது.

"உள்ள போறனுங்க தம்பி."

"போங்க, நான் இருக்கறனுங்க."

வழக்கம்போலப் பூட்டைப் போட்டேன். பிறகு ஷிப்ட் குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறந்தேன். அதிலிருந்து ஷெல்லுக்கு, அதாவது மெனு இல்லாமல் கம்ப்யூட்டருக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் இடத்துக்கு, போக ஒரு சந்து உண்டு, கம்பெனிக்காரர்கள் அடைக்க மறந்தது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தாமலே அதன் உள்ளே போய்விட்டேன். கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. நான் அழித்தது ஒன்றே ஒன்றைத்தான். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

விசிறி தானாகத்தான் சுற்றியது. சுற்று என்று நான் எதையும் தட்டவில்லை. சத்தம் கொஞ்ச நேரம் மாறிக் கேட்டது, பிறகு சரியாகிவிட்டது. மற்ற எந்திரங்கள் எதுவும் நிற்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், அவர் உள்ளே இருப்பது தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. நாளைக்கு அவருக்குக் காரியம். ஆண் துணை இல்லாத வீடு. நான் போய் நிற்காவிட்டால் ஹாரிகாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?