கணவர் பெயர் காலியாக இருந்தால்

தலைமையேற்று வீற்றிருக்கும் தீப்பெட்டி ஆலை மேலாளர் மாயகிருஷ்ணன் அண்ணாச்சி அவர்களே! அவையை நிறைத்திருக்கும் ஆன்றோரே! வெயிலோடு மல்லுக்கட்டி, விரல்நுனியில் நெருப்பை அடுக்கும் வீரத் தாய்மார்களே! உங்கள் கைகளில் குலுங்கும் வளைகாப்பு வளையல்களுக்கு முதல் வணக்கம்!

ஆலையின் கணிப்பொறிக்கு நிரல் எழுதிய சத்யபிரியா நான். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கணிப்பொறியெல்லாம் கெடும் என்றார்கள். அப்போது கெடவில்லை, பிறகு கெடுத்த புண்ணியவதி நானேதான்! (சிரிக்காதீர்கள் அக்கா, இன்னும் இருக்கிறது!)

வேலைக்குச் சேரும் விண்ணப்பத்தில் வேலைநேரம் காலியா? 'பகல்' என்று நீயே போடு என்றேன் கணிப்பொறியிடம். இங்கே எல்லோருக்கும் பகல்வேலைதான், பழுதில்லை. கணவர் பெயர் காலியா? 'மணமாகாதவர்' என்று போடு என்றேன். அங்கேதான் சறுக்கினேன்! புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் வாழும் ஊரில் பிறந்தவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? விண்ணப்பம் எழுதுகிறவர் கணவர் பெயர் கேட்டார், நீங்கள் நாணி நின்றீர்கள், அவர் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாற்பத்தொரு பேரை ஒரே நொடியில் கன்னியராக்கியது என் கணிப்பொறி!

பிரசவ விடுப்புப் பட்டியலில் தன் பெயர் இல்லையென்று, எட்டு மாத வயிற்றோடு வந்து நின்றார் வெயிலம்மாள். "ஏட்டி, உன் பெட்டிக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? என்னைய எதுக்கு அசிங்கப்படுத்துது?" என்றார். வெட்கத்தில் குறுகிப்போனேன்.

தெரியாததும் இல்லாததும் ஒன்றா? கேட்காத கேள்விக்கு விடை எழுதுவது அறிவா? அன்றே நிரலைத் திருத்தினேன். இப்போது கணவர் பெயர் காலியானால் கணிப்பொறி எதையும் இட்டு நிரப்பாது. 'கேட்கவும்' என்று சொல்லி நிற்கும்.

கேட்டேன். "நம்ம செண்பகவல்லி அம்மனோட வீட்டுக்காரரு பேருதான், எங்க வீட்டுக்காரவியளுக்கும்!" என்று சிரித்தார் வெயிலம்மாள்.

என்ன பெயர் அது? ஆமாம், பந்தல் அதிரச் சொன்னீர்களே, பூவனநாதன்! விடுப்பும் கிடைத்தது.

இன்று வெயிலம்மாள் ஏன் வரவில்லை தெரியுமா? நேற்றுக் காலை பெண் குழந்தை! ஆலைப் பதிவில் பிள்ளையை நானே ஏற்றினேன். பெயர்க் கட்டத்தில் வந்து 'கேட்கவும்' என்று நின்றது கணிப்பொறி. மருத்துவமனைக்கு ஓடினேன். "இன்னும் பேரு வைக்கலைட்டி, பொறு" என்றார் தாய்.

காலியாகவே விட்டுவிட்டேன், தாய்மார்களே! இத்தனை அழகான வெற்றிடத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

பொறுத்தருளிய நாற்பத்தொரு பேருக்கும், பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. வளையோசை ஓங்குக! வணக்கம்!