பெட்ரோல் தடைபட்ட இடத்தைக் கண்டுபிடித்த பிரிஜெட் அம்மையாருக்கு

விடியும் முன்னே வந்து வேனின் விளக்கையும் சக்கரத்தையும் விசாரித்து, விவேக் நகருக்கு வரும் நோயாளி ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்ற வாஞ்சை மிக்க அம்மையே! பெங்களூரு பேரொளி சிறுநீரக நல மையத்தின் போக்குவரத்துப் பொறுப்பாளராய்ப் பொழுதெல்லாம் பம்பரமாய்ச் சுழன்ற பெருமாட்டியே! திட்டித் தீர்த்த கையோடு தேநீரும் வாங்கித் தரும் தாயே! திருமதி பிரிஜெட் அம்மையாரே! வணக்கம்! வணக்கம்!

இருபத்தெட்டு ஆண்டுகள்! ஒரே ஒரு பழைய வண்டியோடு இம்மையம் தொடங்கிய காலம் முதல், வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் இன்றைய நாள் வரை, தாங்கள் இல்லாத காலைப்பொழுதை இந்த வளாகம் கண்டதில்லை. ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்றால் தாங்களே வண்டி எடுத்தீர்கள். கடையடைப்பு என்றால் காவல் நிலையத்துக்குப் போய்க் கன்னடத்தில் பேசி அனுமதி வாங்கி வந்தீர்கள். அழுத உறவினரிடம் அன்பாகவும், அடாவடி செய்தவரிடம் அதட்டலாகவும் பேசினீர்கள்.

தங்கள் குணநலன்களை ஒவ்வொன்றாய்ப் பாடத்தான் இம்மடலை எழுத உட்கார்ந்தோம். ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே நாளைத்தான் சொன்னார்கள்: சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தாங்கள் வெள்ளை வேனை மீட்ட அந்த வெள்ளிக்கிழமை! ஆகவே அதையே பாடுகிறோம்.

இந்தப் பணி ஓய்வு விழாவுக்கு வந்திருக்கும் விருந்தினர் அறிய, வேனைப் பற்றி ஒரு சொல். அது வயதான பெட்ரோல் வண்டி. எங்கள் புதிய வண்டிகள் நுழைய முடியாத ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் அது மட்டுமே நுழையும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, சிகிச்சை முடிந்து தளர்ந்தவர்களை அதே வாசலில் இறக்கிவிடும். அந்த வேனுக்கு ஒரு விசித்திர வியாதி வந்தது. சமதளத்தில் சுகமாக ஓடும். மேடேறும்போது, எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாய் வேண்டிய நேரத்தில், திக்கித் திணறி நின்றுவிடும். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாதது போல் கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டரை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், டேங்கையும் இறக்கிச் சுத்தம் செய்தார்கள். ஆனாலும் ஓகலிபுரம் மேம்பால ஏற்றத்தில் அது நின்றது.

அந்த வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை நின்றபோது உள்ளே வள்ளியம்மா இருந்தார். மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெற்றவர்; ஸ்ரீராம்புரத்துச் சந்தின் கடைக்கோடியில் வீடு. கொட்டும் மழை, பின்னால் ஹாரன் சத்தம், அவருக்கோ மூச்சிரைப்பு. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது பாதிச் சிகிச்சைக்குத்தான் நேரமிருந்தது. வெள்ளிக்கிழமைச் சிகிச்சையைத் தவற விடவே கூடாது என்ற நிலை.

வெள்ளி காலை எங்கள் இயக்குநர் டாக்டர் ஸ்ரீகண்டன் முடிவோடு வந்தார். "மேடம், பேஷன்ட்ட வெச்சுக்கிட்டு நடு மேம்பாலத்துல நிக்குது. இன்னையோட இந்த வண்டிய நிறுத்திடலாம். அவங்கள மெயின் ரோடு வரைக்கும் வரச் சொல்லுங்க, பெரிய வண்டி அனுப்பலாம்" என்றார்.

"சார், நீங்க ரிஸ்க்குன்னு சொல்றது சரிதான். ஆனா வள்ளிம்மாவால மெயின் ரோடு வரைக்கும் நடக்க முடியாது. வண்டி எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரியும், ஏன் நிக்குதுன்னுதான் யாருக்கும் தெரியல. மத்தியானம் அவங்க டர்ன். அதுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா நானே சாவிய உங்க கையில குடுத்துடறேன்" என்றீர்கள்.

டாக்டர் ஒரு நிமிடம் வேனைப் பார்த்தார். "ஆயித்து, சரி. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்று சட்டைக் கையை மடித்தார். தீயணைப்பு சிலிண்டரை அவர் கையில் கொடுத்தீர்களே, அம்மா! இம்மையத்தின் வரலாற்றில் இயக்குநருக்கு வேலை ஏவிய ஒரே ஊழியர் தாங்கள்தான்!

முதலில் டேங்க் மூடியைச் சந்தேகித்தீர்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது என்று விளக்கி, மூடியைத் திறந்து வைத்து, மேடேறும்போது போலவே பெட்ரோல் அதிகமாய் இழுக்க எஞ்சினை முறுக்கும்படி ஓட்டுநர் கிளெமென்ட்டிடம் சொன்னீர்கள். "இதேதான், பாரு!" என்று தாங்கள் சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் நின்றது. மாடி ஜன்னலில் நின்ற எங்களுக்குச் சங்கடம். தாங்களோ, "சரி, நான் சொன்னது தப்பு. அடுத்தது பாப்போம்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடலாம்!

அடுத்து, டேங்கையே ஒதுக்கிவிட்டீர்கள். சுத்தமான கேனில் பெட்ரோல் நிரப்பி, அதிலிருந்து ஒரு டியூபை நேராகப் பம்பில் மாட்டினீர்கள். வளாகத்தில் ஈ காக்கை இல்லாமல் விரட்டிவிட்டு, கிளெமென்ட்டுக்குக் கை காட்டினீர்கள். எஞ்சின் அலறியது. இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று பார்த்தால், அலறிக்கொண்டே இருந்தது!

"மேடம், நிக்கல! நிக்கவே இல்ல!" என்று கத்தினார் கிளெமென்ட்.

"அப்போ பம்பு நல்லாருக்கு, கார்புரேட்டரும் நல்லாருக்கு. கோளாறு பின்னாடி எங்கேயோ இருக்குப்பா. வா, பின்னாடி போவோம்!"

சேலையைச் செருகிக்கொண்டு, அட்டையை விரித்து, வண்டிக்கடியில் போனீர்கள். பின்புறத்தில் இரும்புக் குழாய் தொடங்கும் இடத்தில் கேனை இணைத்தீர்கள். அப்போதும் எஞ்சின் நிற்கவில்லை. ஆக, நீளமான குழாயிலும் குற்றமில்லை. மிஞ்சியது டேங்கும், டேங்கையும் குழாயையும் சேர்க்கும் ஒரு சாண் ரப்பர் டியூபும்தான்.

"அது புது டியூப், மேடம். வெடிப்பு கூட இல்ல" என்றார் கிளெமென்ட்.

"வெளிய இல்ல. உள்ள யாரு பாத்தது?"

கழற்றிய டியூபில் கைப்பம்பால் காற்றடித்தீர்கள். ஒரு முனையிலிருந்து காற்று தாராளமாய்ப் போனது. மறுமுனையிலிருந்து அடித்தால் முட்டிக்கொண்டு நின்றது. பிளேடால் நீளவாக்கில் பிளந்தீர்கள். ஆஹா! உள்ளே ரப்பரின் ஒரு படலம் உரிந்து, நாக்கு போல் தொங்கிக்கொண்டிருந்தது! பம்பு மெதுவாக இழுத்தால் அது படிந்து வழிவிடும். மேட்டில் பலமாக இழுத்தால் எழுந்து அடைத்துவிடும். எஞ்சின் நின்றதும் மறுபடி படிந்துவிடும். புதியது என்பதாலேயே யாரும் அதில் கை வைக்கவில்லை. டாக்டர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா அவ்வளவு ரிப்பேர் பண்ணினோம்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். மாடியில் நாங்கள் அடித்த விசிலைக் கேட்டு டயாலிசிஸ் படுக்கையில் இருந்தவர்களும் கை தட்டினார்கள்!

நல்ல தரமான டியூப் வாங்கிப் பொருத்தியதும் தாங்கள் துள்ளிக் குதிக்கவில்லை. "ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி வெறும் வண்டியா மேம்பாலம் ஏறிப் பாக்கணும்" என்றீர்கள். டாக்டரும் கூடவே ஏறிக்கொண்டார். ஏறி, இறங்கி, மீண்டும் ஏறிப் பார்த்த பிறகே ஸ்ரீராம்புரத்துக்குத் திரும்பினீர்கள்.

அங்கே வள்ளியம்மா வாசலில் உட்கார்ந்து, வர மறுத்தார். "இந்த வண்டியில ஏற மாட்டேன், பிரிஜெட்டம்மா. நடு ரோட்ல நான் பட்ட பாடு போதும்."

தாங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிளந்த டியூபைக் காட்டினீர்கள். "இதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, வள்ளிம்மா. இப்ப மாத்தியாச்சு. நானும் கூட வரேன். வண்டி நின்னா உங்களோட நானும் மழையில நிக்கறேன்."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டுதானா?" என்றவர், "சரி, கையக் குடு" என்று எழுந்தார்.

மேம்பால ஏற்றம் வந்தபோது கிளெமென்ட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாராம். வள்ளியம்மா தங்கள் விரல்களை இறுகப் பிடித்திருந்தாராம். வேன் ஏறியது! ஒரு திக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை, உச்சி வரை ஒரே ஓட்டம்! மழையில் நனைந்த தண்டவாளங்கள் கீழே தெரிந்ததும் வள்ளியம்மா தங்கள் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தாராம். அவருடைய முறைக்கு முன்பே வந்து சேர்ந்தீர்கள். அன்று சிகிச்சை முழுமையாக நடந்தது. வேனை நிறுத்தும் பேச்சை டாக்டர் பிறகு எடுக்கவே இல்லை. ஸ்ரீராம்புரத்துக்காரர்கள் இன்றும் அதில்தான் வருகிறார்கள்.

அன்புக்கு அணிகலனே! ஆராய்ந்து அறியும் அறிவே! ஹெப்பகோடியில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்லும் தங்களுக்கு உடலில் வலுவும், உள்ளத்தில் உவகையும், உறக்கத்தில் நிறைவும் என்றென்றும் கூடட்டும்! பேரப்பிள்ளைகளின் சிரிப்பு தங்கள் காலைகளை நிரப்பட்டும்! மூப்பு தங்கள் முகவரி தெரியாமல் பல காலம் திரியட்டும்!

இவ்விடத்தில் மடலை முடிக்க இருந்தோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வள்ளியம்மா, தாம் சொல்வதையும் எழுதியே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறோம்: "வண்டி நின்னாத்தான் வருவேன்னு இருந்துடாதே, தாயி. சும்மாவும் வந்து போ."

வாருங்கள், அம்மா!

விவேக் நகர், பெங்களூரு.

தங்கள் பாசத்தில் நனைந்த,
பேரொளி சிறுநீரக நல மையத்தின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஓட்டுநர்கள், பணியாளர்கள்.