பொறாமையைப் பற்றி ஏழு வாரம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துகொள்வதுதான் இங்கே வழக்கம் என்றீர்கள். சரி. ஒற்றுப்பிழை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. ரத்தமோ, உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத்துணுக்கோ, எதைச் சோதித்தாலும் மருத்துவர் எழுதும் முடிவு என் மேசைக்குத்தான் வரும். நான் அச்செடுத்து, முத்திரை வைத்து, உறையில் போட்டு அனுப்புவேன். இத்தனை வருடத்தில் ஓர் உறைகூட ஆள் மாறிப் போனதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் பேசுவேன். ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இருக்கிறது. நூறு நாற்காலி, இரண்டு மின்விசிறி. பதினோரு வருடமாக அங்கே பேச்சு என்றால் நான்தான். பொறாமையைப் பற்றி மட்டும் ஏழு வாரம் பேசியிருக்கிறேன். உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் சாரத்தைச் சொல்கிறேன். பொறாமைப்படுகிறவன் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவன் பரிமாறுகிறவருக்குக் கை கோணல் என்கிறான். கடவுளுக்கே பங்கு பிரிக்கத் தெரியவில்லை என்கிறான். மற்ற பாவங்களெல்லாம் மனிதர்களுக்குச் செய்வது. இது நேராகக் கடவுள்மேல் கொடுக்கும் புகார். ஐந்தாவது வாரம் இதைச் சொன்னபோது நிறையப் பேர் குறிப்பெடுத்தார்கள். மூன்று பேர் தூங்கினார்கள். யார் யாரென்று எனக்குத் தெரியும்.

என் தம்பி மனைவி தையல்காரி. பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தருவாள். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளைக் கூடத்துக்கு அழைத்துப்போனதே நான்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மடியில் துணியை வைத்துப் பொத்தான் தைப்பாள். நான் கண்டும் காணாமல் இருந்தேன்.

ஏழாவது வாரப் பேச்சு முடிந்ததும் கூடத்துப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல மனிதர், அதற்குமேல் ஒன்றுமில்லை, "யாராவது ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சு வைங்களேன்" என்றார். ஒருவரும் அசையவில்லை. கடைசி வரிசையில் அவள் எழுந்தாள்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுங்க. எனக்கும் பொறாமை வரும். எங்க அக்காவைப் பார்த்தாலே வரும், எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு. வந்துச்சுன்னா அவங்க பேரைச் சொல்லி, இவங்களுக்கு இன்னும் கொடுன்னு கடவுள்கிட்ட கேட்டுக்குவேன். கொஞ்ச நேரத்துல போயிடும்."

உட்கார்ந்து பொத்தானைத் தொடர்ந்தாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழு வாரம் தொண்டைத்தண்ணீர் வற்ற நான் பேசியபோது கொட்டாவி விட்டவர்கள், அவளுடைய நாலு வரிக்கு அழுதார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிலத்தை உழுது வைத்தது யார் என்று கடவுளுக்குத் தெரியுமே.

அதன்பிறகு நான் பேசும்போது மணி பார்க்க ஆரம்பித்தார்கள். நான் எப்போது முடிப்பேன், அவள் எப்போது எழுவாள் என்று காத்திருந்தார்கள். வருடம் திரும்புவதற்குள் பேச்சு அவளுக்குப் போனது. "உங்களுக்கும் ஓய்வு வேணுமில்லம்மா" என்று தபால்காரர் என்னை நாற்காலிகளுக்குப் பொறுப்பாக்கினார். உங்க தம்பி வீட்டம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கிறது என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அது தையல் மிஷின் விளக்கடியில் நாளெல்லாம் உட்காருகிறவளுக்கு வரும் எண்ணெய்ப் பசை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் என்பதைப் பற்றியும் நான் மூன்று வாரம் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மார்பில் கட்டி. டாக்டர் கையை வைத்துப் பார்த்து முகத்தைச் சுருக்கினாராம். "உங்க தம்பிகிட்ட சொல்ல வேணாம்க்கா, பயந்துடுவார். நீங்க இருக்கிற இடத்துலயே டெஸ்டுக்குக் குடுத்துடறேன். நீங்க இருந்தா எனக்குத் தைரியம்."

அவளுடைய முடிவு என் மேசைக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை. புற்றுநோய். எங்கள் மருத்துவர் போகிற போக்கில், "யாரு, உங்க சொந்தமா? கவலைப்படாதீங்க, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு. பிழைச்சுக்குவாங்க" என்றார்.

நான் கல்நெஞ்சக்காரி அல்ல. கழிவறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் நிதானமாக யோசித்தேன். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் கூடமே எழுந்து நின்று அவளுக்காக வேண்டிக்கொள்ளும். மொட்டைத் தலையோடு வந்து அவள் நாலு வரி சொல்வாள். குணமாகி வந்தால் கேட்கவே வேண்டாம். பெயின்ட் கடைக்காரர்கூட மாடியேறி வந்து கும்பிடுவார். இவ்வளவு புகழை ஒரு சாதாரணப் பெண்ணின் ஆத்மா தாங்குமா? கர்வம் என்ற படுகுழியில் அவள் விழப்போவது எனக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சொந்தக்காரியாகக் கைகட்டி நிற்க முடியவில்லை.

அன்றைக்கே இன்னொரு பெண்ணுக்கு வெறும் கொழுப்புக் கட்டி என்று முடிவு வந்திருந்தது. அதே வாசகத்தைத் தம்பி மனைவியின் பெயரில் அச்செடுத்து, முத்திரை வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய முடிவுதான் போனது. கவனக்குறைவாக வேலை செய்கிற பழக்கம் எனக்கில்லை. கணினியில் இருந்த உண்மையான முடிவையும் அழிக்கவில்லை. உண்மையை அழிப்பது பாவம்.

அடுத்த வியாழன் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அவள் எழுந்து நின்று, "ரெண்டு வாரமா ஒரு கட்டியை வச்சுக்கிட்டு கடவுள்கிட்ட மட்டும் சொல்லி அழுதுட்டிருந்தேன். டாக்டரே பயந்துட்டார். இப்போ பார்த்தா ஒண்ணுமே இல்லைங்க. கொழுப்பாம்" என்று சொல்லிச் சிரித்தாள். கூடம் கொந்தளித்தது. அற்புதம் என்றார்கள். வரிசையில் நின்று அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நூறு போதவில்லை. அந்த அற்புதத்தைச் செய்தது என் கை. யாரும் வந்து தொடவில்லை.

உண்மையை அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அத்தனை பேருடைய நம்பிக்கையும் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும். அந்தப் பாவம் யாரைச் சேரும்?

ஆறு மாதம் கழித்து அவளே வந்தாள். என் சமையலறையில் நின்றுகொண்டு, என் ஜாக்கெட்டில் பிரிந்திருந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, டாக்டர் திரும்ப வந்து காட்டச் சொன்னாரே. கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருக்கு. ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா?"

"கடவுள் குணமாக்கினதை மனுஷன் சரிபார்க்கணுமா?" என்றேன்.

அவள் முகம் சிறுத்துப்போனது. "தப்புதான்க்கா" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தாள். நல்ல தையல். இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

முதுகுவலி என்று அவள் படுத்தது அதற்குப் பிறகு. என் தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். நோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கிருந்த மருத்துவர் பழைய சதைத்துணுக்கை வரவழைத்துத் தானே பார்த்தார். பிறகு எங்கள் கணினியைப் பார்த்தார்கள். யார், எந்த நிமிடம், எதை அச்செடுத்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் எதையும் மறுக்கவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் என்கிறார்கள். நான் அந்த முடிவைக் கொடுத்திருந்தால் இருபது, முப்பது வருடம் இருந்திருப்பாள். அதாவது, நான்தான் அவளைக் கொன்றேன். இந்த வாக்கியத்தை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

ஆனால் காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று உங்கள் ஆள் தட்டியிருப்பதைப் பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள். எனக்கு அந்த நோய் வந்திருந்தால் முதலில் கண்டுபிடித்திருப்பது நான்தான்.

இங்கே கொண்டுவந்த நாள் முதல் அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு பக்கம். கூடத்தில் வாசிக்கக்கூடிய அளவுக்கு வந்திருந்தது. கேட்கிறவர்களில் ஒருவர்கூட அழாமல் இருக்க முடியாது. கடைசிப் பத்தி மட்டும் பாக்கி. நேற்று செவ்வாய்க்கிழமை, தம்பி என்னைப் பார்க்க வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னா. தினம் உன் பேரைச் சொல்லி வேண்டிக்கிறாளாம். நான் மன்னிக்கல. இது அவ சொல்லச் சொன்னது." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் இன்னும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாள். தபால்காரருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நாளை வியாழன், கூடம் முழுக்க இதே பேச்சாக இருக்கும். என் நான்கு பக்கத்தை இனி யார் வாசிப்பார்கள்?

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு ஒரே ஒரு உதவி. நான் மன்னிப்புக் கேட்டது திங்கட்கிழமை என்று போட்டுக்கொள்ளுங்கள்.