612-ஆம் குன்றின் மேற்குச் சரிவு

வீரத்தின் விளைநிலமே, வெற்றியின் வேரே, வியர்வைக்கு வெட்கப்படாத வித்தகரே, எங்கள் மேஜர் ஜெனரல் தோ வின் ஹான் அவர்களே, வணக்கம்.

தங்கள் பணி ஓய்வு விழாவுக்கான வாழ்த்து மடலை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நிர்வாகப் பிரிவு ஒரு மாதிரி மடல் கொடுத்தது. அதில் அடுத்த வரி, 'மறதி அறியா மாமலையே'. அங்கேதான் எங்கள் கை நின்றுவிட்டது. தாங்கள் எதையும் மறக்கவில்லை என்பது உண்மை. எங்கள் கோபமே அதுதான்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறோம், அதிலும் பொய் இல்லை. பதினெட்டு வயதில் துப்பாக்கி தூக்கி, நாற்பத்தொரு ஆண்டுகள் சீருடையில் கழித்தவர் தாங்கள். போரில் புதைத்த தோழர்களின் எலும்புகளைத் தேடி வீடு சேர்க்கும் எங்கள் குழுவுக்கு வண்டியும் மருந்தும் வாங்கித் தந்தவர். ஒவ்வொரு கோடையிலும் கருவாடும் புகையிலையும் சுமந்து குன்றுக்கு நடந்தே வந்தவர். எங்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவர். வேறு எந்த ஜெனரலும் எங்களுக்காக இப்படி வந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

1972-இல் 612-ஆம் குன்றில் தங்கள் படையினர் பதினொரு பேர் இறந்தார்கள். 'கிழக்குச் சரிவில் அடக்கம்' என்கிறது அறிக்கை, தேதி இல்லாமல். அந்தச் சரிவை மூன்று கோடையாகத் தோண்டினோம். பெயரும் ஊரும் எழுதிய தாளைக் காலியான பென்சிலின் மருந்துக் குப்பியில் அடைத்து உடலோடு வைப்பது அந்நாள் வழக்கம் என்பதால், மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகச் சலித்தோம். ஒரு குப்பியின் மூடிகூடக் கிடைக்கவில்லை. தாங்களோ ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காற்று வாங்குகிறீர்கள் என்று நினைத்தோம்.

போன மாதம் எங்கள் புகைப்படங்களைத் தேநீரோடு புரட்டிக்கொண்டிருந்தபோது தங்களுக்கு வாய் தவறியது.

"ஓடை எங்கடா காணோம்?" என்றீர்கள்.

"கிழக்குல ஓடை ஏதுங்க ஐயா, வெறும் பாறைதான்," என்றார் எங்கள் ஓட்டுநர் சியூ.

"குழிய மூடிட்டு அதுலதானே கை கழுவுனேன்."

பிறகு தாங்களே சொன்னீர்கள். கிழக்கைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு. பனிமூட்டத்தில் திசை தவறி ஆட்களை மேற்கே நடத்திவிட்டார் இருபத்திரண்டு வயது லெப்டினன்ட். உத்தரவுத் தாளும் அறிக்கைத் தாளும் ஒத்துப்போக வேண்டுமே என்று 'கிழக்கு' என எழுதிக் கையெழுத்திட்டார். அந்த அறிக்கைக்குத்தான் தங்களின் முதல் பதக்கம்.

"மூணு வருஷங்க ஐயா. மொத வருஷமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டார் சியூ. அவருக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகியது அந்தச் சரிவைத் தோண்டும்போதுதான்.

"சொன்னா, அப்ப அந்த அறிக்கைய எழுதுனது எவன்னு கேப்பாங்கல்ல."

"கேக்கட்டுமே. நீங்க பதில் சொல்லலாம். அந்தப் பதினோரு பேரால முடியாதுல்ல."

"அப்பறம் பாக்கலாம்," என்று எழுந்து போனீர்கள். மூன்று வாரம் ஆகிறது. திசை தவறியதில் எங்களுக்குக் கோபமில்லை. அந்தப் பனியில் நாங்களும் தவறியிருப்போம். பனி விலகி முப்பத்தேழு ஆண்டுகள் ஆகின்றன, ஐயா.

பதினொருவரில் ஒருவரான தொவானின் தாய் லூ அம்மாவுக்கு வயது எண்பத்தாறு. போன வாரம் அவரை மருத்துவமனையில் பார்த்தோம். மகன் இறந்த நாள் தெரியாததால், அவன் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில்தான் இத்தனை ஆண்டும் திதிச் சோறு வைத்து வருகிறார். எங்கள் குழுவின் லாம் தாவிடம் அவர் கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறோம்.

"எலும்பு கெடைக்குதோ இல்லையோ பொண்ணே, எந்த நாளுன்னாவது சொல்லு. நான் ஒரு நாள் சோறு வச்சு, அவன் வேற நாள் வந்து, வெறும் தட்டப் பாத்துட்டுப் போயிருந்தா?"

பக்கத்துப் படுக்கைக்காரி, "பசிச்சா கேட்டு வாங்கித் தின்னுருப்பான், விடுங்கக்கா," என்று தேற்றினாள்.

"அவனா? வீட்லயே கேக்க மாட்டான். வெக்கப்படுவான்," என்றார் லூ அம்மா.

அந்த நாள் எது என்று தங்களுக்குத் தெரியும். எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆகவே, பெரியோரே, வழக்கப்படி வாழ்த்துகிறோம். தாங்கள் நீடு வாழ வேண்டும், அந்த ஓடையில் கை கழுவியவர்களில் மிஞ்சியிருப்பவர் தாங்கள் ஒருவரே என்பதால். தங்கள் முழங்கால் வலி நீங்க வேண்டும், மேற்குச் சரிவு செங்குத்து என்பதால். தங்கள் நினைவு மங்காதிருக்க வேண்டும். ஓய்வு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மழைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. லூ அம்மாவுக்கு எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்லவில்லை.

இந்தத் தாளின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டிருக்கிறோம். ஓடையை வரையுங்கள். அங்கிருந்து எத்தனை அடி, யார் யார் எந்த வரிசையில், எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்த முறை மேற்கு என்று எழுதுங்கள். அதன் பிறகுதான் இந்த மடலுக்குக் கண்ணாடி போடுவோம். அதற்கான மரச்சட்டம் சியூவின் வண்டியில் இருக்கிறது. வண்டி திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. முன் இருக்கை தங்களுக்கு.

இவண்,
மூன்று கோடை கிழக்கே தோண்டிய
தங்கள் தேடுதல் குழுவினர் எழுவர்