அப்பா என்று பெயர் வைத்த பல்பு

பல்புகளை நான் வாங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுகுமாரன் அண்ணே. நான்கு பல்பையும் வாங்கி வந்தது என் கணவர் திவாகர். எங்கேயாவது தள்ளுபடி என்று எழுதிப் போட்டிருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் இன்னும் பிரிக்காத பாப்கார்ன் மிஷின் ஒன்று இருக்கிறது.

கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் அருள்வாக்கு நடப்பதாகவும், அதனால் வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூட்டம் குறைந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டீர்களாம். விளக்கம் எழுத்தில் வேண்டும் என்கிறீர்கள். எனக்கும் அதுதான் வசதி. வாயால் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். குழுவில் எல்லோருக்கும் எங்கள் வீட்டுச் சங்கதி தெரிந்திருக்காது.

இவை வாயால் சொன்னால் எரிகிற பல்புகள். கூடவே ஒரு பேசும் டப்பா வரும், பெரிய கொய்யாப்பழ அளவில். அதைக் கூப்பிட்டு, போடு என்றால் போடும், அணை என்றால் அணைக்கும். கைப்பேசியில் தொட்டாலும் அதே வேலை நடக்கும், எந்த ஊரில் இருந்தாலும். நிறத்தையும் மாற்றலாம். பொருத்துவதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. வைஃபையோடு சேர்க்க ஒவ்வொரு பல்பையும் ஐந்து முறை போட்டுப் போட்டு அணைக்க வேண்டுமாம். மூன்றாவது தடவையிலேயே திவாகருக்கு எண்ணிக்கை தப்பிவிடும். மறுபடி முதலிலிருந்து. எதிர்வீட்டு அன்னம்மா ஆண்ட்டி பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“என்னாச்சு ஷாந்தினி? லைட்டு போட்டுப் போட்டு அணையுது. யாருக்கும் ஒடம்பு சரியில்லயா? நான் பயந்தே போய்ட்டேன்லா!”

என் அம்மா பாக்கியலட்சுமிக்கு அந்த டப்பாவைக் கண்டதும் பிடித்துவிட்டது. அதிகாரம் பண்ண மட்டும் வரவில்லை. “கண்ணு, கொஞ்சம் லைட்டப் போடுறியா? வேலையா இருந்தா அப்புறம் போடு” என்பார். எரிந்ததும் நன்றி சொல்வார். முதல் வாரம் அதற்கும் சேர்த்து ஒரு கோப்பை தேநீர் கலக்கிவிட்டார், பாவம்.

பல்புக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டும். ஹால், அடுப்படி, வாசல் என்று மூன்றுக்கு வைத்தாயிற்று. சாமி அறைப் பல்புக்கு வரும்போது திவாகர் தலை நிமிர்ந்து பார்த்தார். எதிரே என் அப்பாவின் படம், மாலையோடு. அப்பா என்றே தட்டிவிட்டார். அப்பா ஆன். அப்பா ஆஃப். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு திவாகரின் கைப்பேசி வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது. புதிதாக வாங்கிய கைப்பேசியில் அவர் இதையெல்லாம் மறுபடி ஏற்றிக்கொள்ளவில்லை. ஆகவே அப்பா என் ஒருத்தியின் கையில் இருந்தார்.

என் அப்பா ராமையா சிம்பாங் அம்பாட் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டு, மூன்று வருடத்துக்கு முன் தவறிப்போனார். பல்பு மாட்டிய மறுமாதம் அவருடைய திதி வந்தது. வழக்கம்போல் சாமி அறையில் படையல் போட்டோம்: ஆட்டிறைச்சி வறுவல், நெத்திலி சம்பல், ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், அவர் பிடிக்கும் சிகரெட்டில் இரண்டு. அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மணி ஏழு. சாத்திய கதவுக்கு அடியில் பளீரென்று வெளிச்சம் வந்தது.

“வந்துட்டாரு,” என்றார் அம்மா.

திவாகர் ஏழு மணிக்கு எரியும்படி வைத்திருந்தார், அவ்வளவுதான். அதை அப்போதே அம்மாவிடம் சொன்னோம். நானே சொன்னேன். இதைக் குழு கவனிக்க வேண்டும். நான் முதலில் உண்மையைத்தான் சொன்னேன். அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். “லோரி ஓட்டுனவரு மாப்பிள்ள. எந்த மிஷினா இருந்தாலும் ரெண்டு நாள்ல பழகிக்குவாரு.”



இனி காளிதாஸ் அங்கிள். நம் கோயில் வேனை ஓட்டியவர், சிம்பாங் அம்பாட்டில் பூச்செடி வளர்த்து விற்பவர், மனைவியை இழந்து பத்து வருடம் ஆனவர். அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற இடத்தில் அம்மாவுக்கு அவர் பழக்கம். என்னதான் பேசிக்கொள்வார்களோ, வெங்காயம் உரித்துவிட்டு அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். ஐம்பத்தெட்டு வயதில் தலைக்குச் சாயம் பூசினார். சமைக்கும்போது பாட்டு வந்தது. ஒருநாள் பசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து பச்சைக்கல் தோடு ஒன்று வாங்கி வந்து, போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். “காளிதாஸ் கேக்குறாரு. கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கிட்டு அவரு வீட்டுக்கே வந்துடச் சொல்றாரு. நீ என்னம்மா நெனக்கிற?”

“ஒங்க விருப்பம்மா,” என்றேன். படித்த பெண் வேறு எப்படிச் சொல்வாள்?

என் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுவது பன்னிரண்டே முக்காலுக்கு. கூட்டி வருவது அம்மா. சோறு ஊட்டி, டியூஷனுக்கு அனுப்பி, துணி மடித்து, நான் ஆயர் குரோவில் இருக்கிற ஆபீசிலிருந்து ஆறரைக்கு வரும்போது ரசம் சூடாக இருக்கும். எனக்கு அந்த மாதம்தான் பதவி உயர்வு வந்திருந்தது. இதையெல்லாம் காரணம் என்று எழுதவில்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது, சொல்கிறேன். காரணம் வேறு, ஊர் நாலு விதமாகப் பேசும், அம்மா மனம் நோகும். அதுதான் எனக்குக் கவலை.

அம்மா அப்பாவிடம் உத்தரவு கேட்கப் போனார். தோட்டத்துக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஒன்றை எடுப்பது. அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டதே அப்படி வெள்ளைப் பூ வந்துதான். இப்போது பூ எதற்கு, அவரே நேரில் இருக்கும்போது? படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்று, “வெள்ளன்னா சரி, செவப்புன்னா வேணாம். நீங்களே சொல்லுங்க,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கைப்பேசி கையில் இருந்தது. திரையில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அரை அங்குலம்கூட இல்லை. கட்டைவிரலால் ஒரு தொடல். சாமி அறை மாதுளம்பழத்தை உடைத்ததுபோல் ஆகிவிட்டது.

அம்மா அழவில்லை. “சரிங்க,” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ரசம் நன்றாகவே இருந்தது.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அம்மா அப்பாவோடு பேசுவதில் ருசி கண்டுவிட்டார். பேசும் டப்பாவைப் பக்திப் பாடலுக்காகச் சாமி அறையில்தான் வைத்திருந்தோம். அதன் வழியாக அந்த அறையில் பேசுவதை ஆபீசிலிருந்தே கேட்கலாம். அம்மா உத்தரவு கேட்க நின்றால் அப்பா பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? மீன்குழம்பா, கருவாடா? வெள்ளை என்றால் மீன். திரைச்சீலையைத் துவைக்கலாமா? துவைக்கலாம். ஒரு நாள் கூட்டத்தில் எங்கள் மேனேஜர், “இந்த வார ஷிப்மென்ட் என்ன ஆச்சு?” என்று கேட்க, மேசைக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டே நான் “வெள்ளை” என்று சொல்லிவிட்டேன். மனிதர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அன்னம்மா ஆண்ட்டிக்கு விஷயம் தெரிந்தால் எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதற்கும் தெரிந்த மாதிரி. மகனுக்குக் கார் வாங்கலாமா என்று அவர் கேட்டார். வாங்கலாம். அடுத்த வாரம் அவருடைய ஓரகத்தி வந்தார், அதற்கடுத்த வாரம் வாசலில் பதினேழு ஜோடிச் செருப்பு. நான் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாகப் பதில் போட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளைதான். யார் மனதையும் நான் நோகடித்ததில்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சிவப்பு.

காளிதாஸ் அங்கிளின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால் வாசல் பல்பும் சிவப்பாகும். பப்பாளிப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அண்ணாந்து பார்த்து, “என்ன பாக்கியம், ஒங்க வூட்டுல டிராபிக் லைட் வச்சிருக்கீங்க?” என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைக் குழு பதிவு செய்துகொள்ளலாம்.

அவர் வேன் சாவியை ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று உங்களிடம் சொல்லவில்லை அல்லவா? நான் சொல்கிறேன். தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வந்தார். என்னிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, நேரே அப்பாவிடம் போய் நின்றார். தட்டைக் கீழே வைத்தார். 

“அண்ணே, நான் நல்லாப் பாத்துக்குவேன். ஒங்க எடத்தக் கேக்கல. பக்கத்துல ஒக்காந்துக்கத்தான் கேக்குறேன்.”

அம்மா கதவோரம் நின்றார். பச்சைக்கல் தோடு போட்டிருந்தார்.

நான்கு பல்பையும் சேர்த்து அழுத்தினேன். பகல் வெளிச்சத்திலும் வீடே சிவந்துபோனது. அவர் அண்ணாந்து பார்த்தார். குனிந்து தட்டை எடுத்தார். “அண்ணன் சொன்னா சரிதான்,” என்றார். வாசலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அதை அறியாமலேயே மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்கமாட்டேன். இப்போது கோலா சுங்கை பாருவில் தம்பி வீட்டில் இருக்கிறாராம்.

எழுத்தில் எல்லாம் வர வேண்டும் என்பதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது என்னோடுதான். அம்மா கீழே தேநீர் வாங்கப் போயிருந்தார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஒங்க அம்மா சின்ன வயசுலேர்ந்து எனக்கே ஒழச்சிட்டா. நல்லவன் யாராச்சும் வந்தா நீயே முன்ன நின்னு செஞ்சி வையி. ஊரு பேசும், பேசட்டும்.” நான் தலையாட்டினேன். இதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. மேலும் அப்பா அப்போது மருந்து மயக்கத்தில் இருந்தார். தெளிவாகத்தான் பேசினார், இருந்தாலும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அம்மா தோட்டைக் கழற்றி அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார். நான் ஆபீசில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். “ஒரே ஒரு கேள்வி, இனிமே ஒங்களத் தொந்தரவு பண்ணமாட்டேன். சாகுற வரைக்கும் நான் இங்கயேதான் இருக்கணுமா?”

வெள்ளை போட்டேன். நல்ல வெள்ளை, முழு வெளிச்சம்.

அதன்பின் அம்மா எதுவும் கேட்பதில்லை, பாடுவதும் இல்லை. டப்பாவுக்கு நன்றி சொல்வதில்லை. தலையில் நரை திரும்பிவிட்டது. வயதுக்குப் பொருத்தமாக, பார்க்க மரியாதையாக இருக்கிறது. பிள்ளைகளைச் சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்குக் கூட்டி வருகிறார்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் அருள் கிருள் ஒன்றும் இல்லை. எல்லாம் நான் செய்தது. ஒவ்வொரு சிவப்பும் நான் அழுத்தியது. தெரிந்துதான் அழுத்தினேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால் நீங்கள் அம்மாவிடம் சொல்வீர்கள், அம்மா கோலா சுங்கை பாருவுக்குப் பஸ் ஏறுவார். அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உறையில் உங்கள் பெயரை எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

இருந்தாலும் இவ்வளவு பெரிய காரியத்தைப் பெரியவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது அல்லவா? சாமி அறைக்குப் போனேன். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இதை அனுப்பலாமா என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தால் சிவப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. அப்பா பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை.