பிள்ளைங்க ஒட்டின அறுபத்திமூணு சீட்டு

அன்னிக்கு யாரு யாரு இருந்தாங்கன்னு கேக்கறீங்க. சரி, எழுதிக்கங்க வக்கீலம்மா, மெதுவாவே சொல்றேன். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க இருபத்தொம்பது. பேரேட்டுல முப்பத்தொண்ணு, ரெண்டு பேருக்குக் காய்ச்சல். டீச்சர். ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்த நேர்ல பாத்து எழுதிட்டு வரச்சொல்லி கோர்ட்டு அனுப்பின ஐயா. அவரு கூட போட்டோ எடுக்கற தம்பி. நிர்வாகத்தோட வக்கீல். உங்க சீனியர். அப்புறம் கதவோரமா பியூன், அதாவது நான். மொத்தம் முப்பத்தாறு. கூட்டிப் பாத்துக்கங்க, சரியா இருக்கும்.

முந்தின நாளா? அது ஞாயித்துக்கிழமை. இருங்க, அதுக்கு வரேன். எனக்கு முதல்லேருந்து சொன்னாத்தான் வரும். பேசிப் பழக்கமில்ல பாருங்க. முப்பத்தொரு வருஷமா இங்க மணியடிக்கறேன், என் குரலை விட மணியத்தான் எல்லாருக்கும் தெரியும்.

இதெல்லாம் ஆரம்பிச்சது ஒரு வரையற பாடத்துல. நான் சர்க்குலர் குடுக்கப் போயிருந்தேன். டீச்சர் ஜன்னல் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு முழு கலர் பெட்டி குடுத்தாங்க. கதவுப் பக்கத்துக்கு ஆளுக்கு ஒரு துண்டு கலர், அதுவும் பழுப்பு. எல்லாரும் மயில் வரையுங்கன்னாங்க. அரைமணி கழிச்சு மார்க் போட்டு போர்டுல எழுதினாங்க. கதவுப் பக்கத்துல ஒருத்தனும் பாஸ் இல்ல. ஒரு பய எழுந்து, டீச்சர் என் மயிலு கோழி மாதிரி இருக்குன்னா அதுக்கு நானா பொறுப்புன்னான். ரெண்டு பொண்ணுங்க அழுதுட்டாங்க. எனக்கே கோவம் வந்துச்சு, என்னடா இந்தம்மா இப்படிப் பண்ணுதேன்னு.

அப்புறந்தான் விஷயத்த உடைச்சாங்க. ஒரே நிர்வாகம், ரெண்டு பள்ளிக்கூடம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் நாம. அங்க ஒரு பிள்ளைக்கு மூணு பங்கு பணம் போனா இங்க ஒரு பங்கு வருது. பரிட்சை மட்டும் ஒண்ணுதான், மயில் மாதிரி. இப்ப என்ன செய்வீங்கன்னாங்க. அடிப்போம்னான் ஒருத்தன். ராத்திரி போயி தூக்கிட்டு வந்துருவோம்னான் இன்னொருத்தன். மூணாவது வரிசையில ரெட்டைச்சடைப் பொண்ணு ஒண்ணு, பேசவே பேசாது, அது எழுந்து, டீச்சர், கலர் பெட்டிய நீங்கதானே குறைச்சுக் குடுத்தீங்க, உங்க மேலதான் கேஸ் போடணும்னுச்சு. வகுப்பே சிரிச்சுது. டீச்சர் சிரிக்கல. போடு, ஆனா கோர்ட்டுல அழுதா எடுபடாது, எண்ணிக் காட்டணும்னாங்க.

எண்ணணும்னா என்கிட்டதானே வரணும்? வந்தாங்க. தாத்தா, எத்தனை நாற்காலிக்குக் கால் இல்லன்னு. உண்மையச் சொல்றேன்மா, முப்பத்தொரு வருஷத்துல யாரும் என்னைக் கணக்குக் கேட்டதில்ல. சாவியத்தான் கேப்பாங்க. ஒரு வாரம் பிள்ளைங்களோட சுத்தினேன். உடைஞ்சது ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு, நம்பர் போட்டு, என்ன குறைன்னு எழுதி ஒட்டினாங்க. ஏழு, முதுகு இல்ல. இருபத்திரெண்டு, உக்காந்தா கடிக்குது. மொத்தம் அறுபத்திமூணு. ரெண்டு தடவ எண்ணிட்டோம். அந்தப் பட்டியலப் பாத்துத்தானே பெத்தவங்க உங்க சீனியர்கிட்ட வந்தாங்க.

அதான், அறுபத்திமூணு எப்படி ஆறாச்சுன்னுதானே கேக்க வந்திருக்கீங்க. தெரியும். வந்த ஐயா ஆறு குறைன்னுதான் எழுதினாரு. பாத்தது அவ்வளவுதான். உங்க சீனியர் டீச்சரைத் திரும்பிப் பாத்தாரு. நிர்வாகத்து வக்கீல் சிரிச்சுக்கிட்டே, பிள்ளைங்க விளையாட்டுக்கு எழுதினத வச்சா கேஸ் போட்டீங்கன்னாரு. அந்த ரெட்டைச்சடை மட்டும், இங்கதான் இருந்துச்சு சார், நான்தான் ஒட்டினேன்னுச்சு. கோர்ட்டு ஐயா, இப்ப எங்க இருக்கும்மான்னு கேட்டாரு. அது என்னைப் பாத்துச்சு. நான் தரையப் பாத்தேன்.

இப்ப டீச்சருக்கு மெமோ வந்திருக்காமே. பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லிக் குடுத்தாங்கன்னு. வர்ற திங்கக்கிழமை கேஸும் தள்ளுபடி ஆயிருமா? ஆயிரும்னுதான் பேசிக்கறாங்க.

இல்லம்மா, நிர்வாகத்து ஆளுங்க வரல. டீச்சர் அப்படித்தான் நினைக்கறாங்க, ராத்திரியோட ராத்திரியா லாரி வச்சு அள்ளிட்டாங்கன்னு. லாரி வந்தா கேட்டத் தொறக்கணும். கேட் சாவி என்கிட்ட மட்டுந்தான்.

ஒண்ணு சொல்றேன், புரியுமான்னு தெரியல. இந்தப் பள்ளிக்கூடத்துல நான் பாத்த இன்ஸ்பெக்ஷன் நாப்பத்திரெண்டு. யாரு வந்தாலும் முதநாள் உடைஞ்சதெல்லாம் கண்ணுல படாம ஒதுக்கணும், நல்லத முன்னாடி போடணும், குழாய ஒழுகாமக் கட்டணும். அதான் என் வேலை. நாப்பத்திரெண்டு தடவையும் ஒரு அதிகாரி முகஞ்சுளிச்சதில்ல. டீச்சர் சொன்னாங்க, நான் இல்லேங்கல. சனிக்கிழமை கையப் பிடிக்காத குறையா சொன்னாங்க, அண்ணே, இந்த ஒரு தடவ மட்டும் எதையும் தொட்டுறாதீங்கன்னு. சரிம்மான்னுதான் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கோர்ட்டுலேருந்து அவ்வளவு பெரிய மனுஷன் வராரு. கிழிஞ்ச சட்டையோட வாசல்ல நிக்கற மாதிரி இருந்துச்சும்மா. ஒரே ஒரு நாற்காலிய மட்டும் ஒதுக்கலாம்னு எடுத்தேன். கடிக்குதுன்னு எழுதியிருந்துச்சே, அது. ஒண்ண எடுத்தா பக்கத்துல இருக்கறது இன்னும் மோசமாத் தெரியுது.

யாரும் சொல்லல. ஹெட்மாஸ்டருக்கும் அப்பத் தெரியாது. நானாத்தான்.

நகத்தக்கூடியது நாப்பத்தாறு. பழைய லேப் ரூம்ல அடுக்கிட்டேன். பக்கத்து கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் நம்மாளு, இருபது நாற்காலி இரவல் குடுத்தாரு. குழாய், ஜன்னல்னு சுவத்தோட இருக்கறது பதினேழு, அதுல பதினொண்ணு நானே சரிபண்ணி சீட்ட உரிச்சுட்டேன். மிச்சம் ஆறுக்குத்தான் பொழுது பத்தல. அந்த ஐயா லேப் ரூம் பூட்டத் தொட்டு, உள்ள என்னன்னு கேட்டாரும்மா. பழைய பேப்பர் சார்னு சொன்னேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு.

எழுதிக்கங்க, எழுதத்தானே சொல்றேன். ரிட்டயர்மெண்டுக்கு அஞ்சு மாசம் இருக்கு, என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். நான் இப்ப நினைக்கறது அது இல்ல. போன வாரம் ஹெட்மாஸ்டர் அந்த ரூமத் தொறக்கச் சொன்னாரு. பாத்தாரு. ஒரு வார்த்த என்னைக் கேக்கல. பழைய சாமான்காரனைக் கூப்பிடுன்னாரு. அவன் புதன்கிழமை வந்து பதினஞ்சு ஏத்தினான், நேத்து வந்து பன்னெண்டு. மிச்சத்துக்கு இன்னிக்கு சாயந்தரம் வரேன்னிருக்கான்.

போன்ல போட்டோ எடுக்க வருந்தானே? அப்ப எழுந்திருங்க, ரூம் இந்தப் பக்கம். உள்ள வச்சதுல ஒரு சீட்டும் கிழிக்கலம்மா, பிள்ளைங்க கையெழுத்து அப்படியே இருக்கும். காலையில மணியடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ எண்ணினேன். பத்தொம்பது இருக்கு.