கதவு தட்ட வந்தவை

றொபேட்: ...முடியாதெண்டால் முடியாது. குவாமே எண்ட உவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது. நடாஷாவுக்கு நேற்றே சொல்லிப்போட்டன்.

கிளடிஸ்: கத்தாதேயுங்கோ, பிறசர் ஏறும். ஏனாம் குடுக்கேலாது?

றொபேட்: நாங்கள் ஆர், அவை ஆர்? எங்களுக்கு ராசா, கோட்டை எண்டு ஒரு சரித்திரம் கிடக்கு. கானாக்காரருக்கு என்ன கிடக்கு? காடும் மேளமும்.

கிளடிஸ்: ஓ... போத்துக்கீசன் வந்து தலையில தண்ணி ஊத்தினபிறகு றொபேட் ஆன பரம்பரை. நீங்கள் எந்த ராசாவின்ர பேரன்?

றொபேட்: நக்கலோ?

கிளடிஸ்: பின்ன? வெள்ளைக்காரன் போய்ப் பிடிக்க முந்தியே கானாவில குமாசி எண்ட ஊரில அவைக்கு அரண்மனை இருந்தது. பொன் தூளை நிறுக்க, மீனும் பறவையுமாய் பித்தளையில படிக்கல்லு செய்து வைச்சிருந்தவை. அடுத்த ராசா ஆர் எண்டு பேர் சொல்லுறதே ஒரு பொம்பிளை.

றொபேட்: அதுதான் போன ஞாயிறு வந்த உவன்ர தேப்பன் வாயே திறக்கேல்லையோ? கூட வந்த கிழவன்தானே முழுக்கக் கதைச்சது. நான் தேப்பன் ஊமை எண்டெல்லோ நினைச்சன்...

கிளடிஸ்: நினைச்சுக் கையால சைகை காட்டித் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டியள். என்ர மானம் போச்சு.

றொபேட்: எனக்கென்ன தெரியும்...

கிளடிஸ்: உதைத்தான் நானும் சொல்லுறன். அவையின்ர ராசா சபையில நேரே கதைக்கமாட்டார். பக்கத்தில கோலோட நிக்கிற ஆள்தான் கதைக்கும். பொம்பிளை கேட்டு வந்தாலும் அதே வழக்கம்தான். தேப்பன் சும்மா இருப்பார்.

றொபேட்: பொம்பிளை கேட்டோ? சும்மா பாக்க வருகினம் எண்டெல்லோ சொன்னீர்?

கிளடிஸ்: உதுக்குக் கதவு தட்டுறது எண்டு பேர். ரெண்டு போத்தல் கொண்டுவந்து மேசையில வைச்சவை, கண்டனீங்கள்தானே?

றொபேட்: ...ம்.

கிளடிஸ்: பிடிக்கேல்லையெண்டால் சண்டையே வேண்டாம். போத்தலைத் திருப்பிக் குடுத்தால் பேசாமல் போயிடுவினம். உடைச்சுக் குடிச்சால் பொம்பிளை குடுக்கச் சம்மதம்.

றொபேட்: குடிச்சாலோ?

கிளடிஸ்: ஓம். ரெண்டும் கராஜுக்குள்ள கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ, பின்னேரம் ஒஷாவாவில அவையின்ர வீட்டை கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்.

றொபேட்: நாளைக்குக் குடுக்கலாமே...

கிளடிஸ்: இப்ப.

றொபேட்: ஒண்டு கொஞ்சம்... குறைஞ்சு கிடக்கு.

கிளடிஸ்: எவ்வளவு?

றொபேட்: அடியில கொஞ்சம் மிச்சம்.

கிளடிஸ்: மற்றது?

றொபேட்: அண்டைக்குச் சீமோன் அண்ணை வந்தவரெல்லோ... அவரும் நல்ல சாமான் எண்டார்.

கிளடிஸ்: காடும் மேளமும் எண்டியள். சாமான் மட்டும் நல்லமாக்கும்.

றொபேட்: உந்த வழக்கம் தெரிஞ்சால் நான் தொட்டிருப்பனே? பொறும்... உமக்கு இது எப்ப தெரியும்?

கிளடிஸ்: டொக்டர் நீங்கள் குடிக்கக்கூடாதெண்டு சொன்ன நாள்தொட்டு இந்த வீட்டில ஒவ்வொரு போத்தலையும் ஒளிச்சு வைக்கிறது நான். உந்த ரெண்டு மட்டும் ஏன் உங்கட கண்ணுக்கு நேரே கிடந்தது எண்டு யோசிக்கேல்லையோ?